பூ பூத்த இடமே வீடு!



சளி பிடித்தால் வீட்டில் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கொதிக்கிற வெந்நீரில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பார்கள். கண் எரியும், மூக்கு திறக்கும். அந்த வாசனை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து எடுக்கப்படும் தைலம் அது. சமவெளியில் நாம் தைல மரம் என்கிறோம். நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்பார்கள்.

தைலத்தின் பெயரில் நீலகிரி இருக்கிறதே தவிர, மரம் நீலகிரியில் பிறந்ததல்ல. 1840களில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து நட்டது. மலைக்குளிருக்கு விறகு வேண்டும். இந்த மரமோ மளமளவென்று வளரும். அதுதான் காரணம். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கோடி. முக்கியமாக, அந்தக் கண்டத்துக்குக் கீழே தனியாகக் கிடக்கிறதே டாஸ்மேனியா தீவு, அதுதான். அட்லஸ் கையில் இருந்தால் ஒரு தரம் பார்த்துக் கொள்ளுங்கள், பிறகு படிக்க வசதியாக இருக்கும். அங்கே இந்த மரத்துக்கு 'புளூ கம்' என்று பெயர். டாஸ்மேனியாவின் மாநில மலரே இதன் பூதான்.

நம் ஊரில் இந்த மரத்துக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. நீலகிரியின் இயற்கையான புல்வெளிகளின் இடத்தைப் பிடித்துக் கொண்டது என்று இயற்கை ஆர்வலர்கள் குறை சொல்கிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் சொந்த ஊரில் கதையே வேறு. அங்கே இந்த மரத்தை நம்பி ஒரு கிளி வாழ்கிறது. இங்கே அழையாத விருந்தாளி, அங்கே அன்னதாதா!

கடல் தாண்டும் கிளி

அந்தக் கிளியை ஆங்கிலத்தில் 'ஸ்விப்ட் பேரட்' என்கிறார்கள். நாம் விரைவுக்கிளி என்று அழைக்கலாம். பெயருக்கு ஏற்றபடி அம்பு போலப் பறக்கும். சுமார் 25 செ.மீ. நீளம். உடல் முழுவதும் இலைப்பச்சை. அலகைச் சுற்றியும் தொண்டையிலும் குங்குமச் சிவப்பு, உச்சந்தலையில் நீலம். இறக்கையைத் தூக்கினால் அடியிலும் சிவப்பு தெரியும். வால் நீண்டு மெலிந்திருக்கும்.

கிளி என்றால் கொய்யாப் பழத்தைக் கொத்தும், நெல்மணியைக் கொறிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். விரைவுக்கிளிக்கு முக்கிய உணவு பூந்தேன். அதன் நாக்கு நுனியில் பிரஷ் மாதிரி மெல்லிய இழைகள் இருக்கின்றன. பூவுக்குள் நாக்கை விட்டுத் துடைத்து எடுத்துவிடும். அப்படித் துடைக்கும்போது முகமெல்லாம் மகரந்தம் ஒட்டிக் கொள்ளும். அடுத்த மரத்துக்குப் போகும்போது அங்கே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஆக, மரம் கிளிக்குச் சோறு போடுகிறது. கிளி மரத்துக்கு விதை உண்டாக்கித் தருகிறது. பூ கிடைக்காதபோது, யூகலிப்டஸ் இலைகளில் சில குட்டிப் பூச்சிகள் தங்களை மூடிக்கொள்ள இனிப்பாக ஒரு கூடு கட்டும். அதையும் நக்கித் தின்னும்.

இன்னொரு விசேஷம். உலகத்தில் 350க்கும் மேற்பட்ட கிளி வகைகள் இருக்கின்றன. அவற்றில் நாரை, உள்ளான் மாதிரி ஆண்டு தவறாமல் கடல் தாண்டி வலசை போகும் கிளிகள் மிக மிகக் குறைவு. விரைவுக்கிளி அவற்றில் ஒன்று.

பூமியின் தென்பாதியில் பருவங்கள் நமக்கு நேர்மாறு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே செப்டம்பரில் வசந்தம் தொடங்கும். அப்போது விரைவுக்கிளிகள் டாஸ்மேனியாவின் கிழக்கு, தென்கிழக்குக் கடலோரக் காடுகளுக்கு வந்து சேரும். முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். கோடை முடிந்ததும் பாஸ் நீரிணையைத் தாண்டி ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குப் பறந்துவிடும். நீரிணையின் அகலம் சுமார் 240 கி.மீ. குளிர்காலம் முழுவதும் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் சுற்றித் திரியும். சில கிளிகள் குயின்ஸ்லாந்து வரைகூடப் போகும். மொத்தமே 60, 70 கிராம் எடையுள்ள பறவை இத்தனையும் செய்கிறது!

விலாசம் இல்லாத பறவை

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நம் வேடந்தாங்கலுக்கு நாரைகள் எங்கே வரும்? வேடந்தாங்கல் ஏரிக்குத்தான் வரும். ஆண்டுதோறும் அதே ஏரி, அதே மரங்கள். ஏரியைக் காப்பாற்றினால் நாரைக்கு இடம் உண்டு.

விரைவுக்கிளிக்கு அப்படி ஒரு விலாசம் கிடையாது. புளூ கம் மரங்கள் எல்லா ஆண்டும் எல்லா இடத்திலும் பூப்பதில்லை. இந்த ஆண்டு தீவின் தெற்கே கொத்துக் கொத்தாகப் பூக்கும். அடுத்த ஆண்டு அங்கே ஒரு பூவும் இருக்காது, நூறு கி.மீ. தள்கி வடக்கே பூக்கும். இன்னோர் ஆண்டு 'பிளாக் கம்' என்ற வேறு வகை யூகலிப்டஸ் கை கொடுக்கும். பூ எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிளிகள் அந்த ஆண்டு கூடு வைக்கும்.

குளிர்காலத்திலும் இதே கதைதான். பெருநிலத்தின் உட்பகுதிக் காடுகளில் மழை பொய்த்தால் பூ இருக்காது. அப்போது கிளிகள் கடலோரத்துக்கு ஓடி வரும். 2002-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் அப்படித்தான் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் 'ஸ்பாட்டட் கம்', 'ஸ்வாம்ப் மஹோகனி' என்று இரண்டு வகை மரங்கள் இருக்கின்றன. இரண்டாவது மரம் கடற்கரையை ஒட்டிய ஈரமான தாழ்நிலத்தில் வளரும், குளிர்காலத்தில் பூக்கும். வறட்சிக் காலத்தில் கிளிகளுக்கு அதுதான் கஞ்சித்தொட்டி. ஆனால் கடற்கரைப் பக்கம் வீடு கட்ட யாருக்குத்தான் ஆசை இல்லை? வீட்டுமனைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் அந்தக் காடுகள் துண்டு துண்டாகப் போய்க் கொண்டிருக்கின்றன. 2019-20 கோடையில் பற்றிய பெரும் காட்டுத்தீயில் இன்னும் நிறையக் கடலோரக் காடு கருகியது.

ஒரு காட்டைப் பார்த்துவிட்டு, "ஐந்து ஆண்டுகளாக இங்கே ஒரு விரைவுக்கிளியும் இல்லையே, வெட்டினால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஆறாம் ஆண்டு அங்கே மட்டும் பூ பூத்தால்? மற்ற எல்லா இடத்திலும் பூ இல்லாமல் போனால்? அந்த ஒரு காடுதான் அந்த ஆண்டில் இனம் முழுவதற்கும் சோறு, வீடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாமே! கிளி இல்லாத ஆண்டிலும் காடு நிற்க வேண்டும். இந்தப் பறவையைக் காப்பது மற்ற பறவைகளைக் காப்பதைவிடக் கஷ்டமானதற்கு இதுதான் காரணம். நான்கு பக்கமும் வேலி போட்டு, "இது கிளிகள் சரணாலயம்" என்று பலகை மாட்டினால் வேலை முடிந்துவிடாது.

நூறு வயது பொந்து

பூ மட்டும் போதாது, பொந்தும் வேண்டும். விரைவுக்கிளி மரப்பொந்தில்தான் முட்டையிடும். மரங்கொத்தி மாதிரி பொந்து தோண்ட அதற்குத் தெரியாது. இன்னொரு செய்தி தெரியுமா? ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது! கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, தானாகப் பொந்து உண்டாக வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எந்தப் பொந்து கிடைத்தாலும் கிளி போய் உட்கார்ந்துவிடாது. வாசல் சிறியதாக இருக்க வேண்டும், உள்ளே ஆழமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொந்துகள் காட்டில் கொஞ்சம்தான் இருக்கின்றன. அதுவும் பூத்த மரங்களுக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். பூ வடக்கேயும் பொந்து தெற்கேயும் இருந்து என்ன பயன்?

"மரத்தை வெட்டினால் என்ன ஐயா, ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடலாமே!" என்று உங்களில் யாராவது சொல்லலாம். கன்று நடுவது நல்ல வேலைதான், நடத்தான் வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று நட்ட கன்றில் பொந்து உண்டாகும்போது இன்று பிறந்த குழந்தைக்குக் கொள்ளுப்பேரன் பிறந்திருப்பான். அதுவரை கிளி எங்கே முட்டையிடும்? மேலும், வயதான பெரிய மரங்கள்தான் இளம் மரங்களைவிட அதிகமாகப் பூக்கின்றன. அதனால் ஒரு கிழட்டு மரம் போனால் சாப்பாடும் வீடும் சேர்ந்து போகிறது. டாஸ்மேனியாவில் புளூ கம் காடுகளில் பெரும்பகுதி முன்பே விவசாயத்துக்காக அழிக்கப்பட்டுவிட்டது. மிச்சத்தில் மரத்தொழிலுக்காக வெட்டியது போக, பட்டுப்போன பொந்து மரங்களை அடுப்புக்காகத் திருட்டுத்தனமாக வெட்டுகிறவர்களும் உண்டு.

இந்தக் கிளிக்காக ஒரு வழக்கே நடந்தது. டாஸ்மேனியாவில் வீலாங்டா என்று ஒரு காடு. அங்கே மரம் வெட்டுவதால் விரைவுக்கிளி, ஆப்பு வால் கழுகு, ஒரு கொம்பு வண்டு ஆகிய மூன்றும் பாதிக்கப்படுகின்றன என்று செனட்டராக இருந்த பாப் பிரவுன் வழக்குப் போட்டார். அவர் ஒரு டாக்டர். 2006 டிசம்பரில் கோர்ட்டில் ஜெயித்தார். கிளிக்கு வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதன்பின் காடு பற்றிய ஒப்பந்தத்தின் வாசகத்தையே அரசுகள் மாற்றி எழுதின. 2007-இல் அப்பீலில் தீர்ப்பும் மாறிவிட்டது. பாப் பிரவுன் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்ட வேண்டும் என்றானது. 2009-இல் அந்தச் செய்தி வெளியானதும், பொதுமக்கள் நன்கொடை அனுப்பிக் கைகொடுத்தார்கள்.

இரவில் வந்த திருடன்

காட்டில் இருக்கிற கிளிகளாவது நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கின்றனவா? அதுவும் இல்லை என்று பிறகு தெரிய வந்தது. இது ஒரு துப்பறியும் கதை.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. அதன் பெயரே வேடிக்கையானது: 'கஷ்டமான பறவைகள் ஆராய்ச்சிக் குழு'. எளிதில் கண்ணில் படாத பறவைகளைத்தான் தேடிப் போய் ஆராய்கிறார்கள். ராப் ஹைன்சன், டேஜான் ஸ்டோயனோவிச் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர்களும் கயிறு கட்டி உயரமான மரங்களில் ஏறி, விரைவுக்கிளியின் பொந்துகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பல பொந்துகளில் முட்டை இல்லை. தாய்ப்பறவையின் சிறகுகள் மட்டும் கிடந்தன. யார் செய்த வேலை?

பொந்துக்குப் பக்கத்தில், ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களை மாட்டி வைத்தார்கள். திருடன் மாட்டிக் கொண்டான். பெரிய கண்கள், பஞ்சு போன்ற வால், ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. 'சுகர் கிளைடர்'! நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பறக்கும் அணில் போலவே, கை கால்களுக்கு இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும். ஆனால் இது அணில் அல்ல. கங்காரு போல வயிற்றில் பை உள்ள பிராணி. பெயரைக் கேட்டால் சர்க்கரையாக இனிக்கிறது. பிசினும் பூந்தேனும்தான் சாப்பிடும் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

இரவில் பெண் கிளி பொந்துக்குள் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆண் கிளி வெளியே கிளையில் தூங்கும். கிளைடர் பொந்துக்குள் நுழைந்தால் பெண் கிளிக்குத் தப்ப வழி இல்லை. வாசலே ஒன்றுதானே! தாய், முட்டை, குஞ்சு எல்லாம் போய்விடும். இதனால் விரைவுக்கிளிகளில் இன்று பெண் கிளிகள் மிகக் குறைவு. ஆண் கிளிகள்தான் அதிகம்.

கிளைடரைத் திட்டாதீர்கள். அது தன் வயிற்றுக்குத் தேடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பெருநிலத்திலிருந்து அதை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள்தான். டாஸ்மேனியாவை ஒட்டியுள்ள புரூனி, மரியா என்ற இரண்டு சிறு தீவுகளில் கிளைடர் கிடையாது. அந்தத் தீவுகளில் பூ பூக்கும் ஆண்டுகளில் கிளிகளுக்குக் கொண்டாட்டம். குஞ்சுகள் பத்திரமாக வெளியே வருகின்றன.

ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. சுற்றிலும் வயதான மரங்கள் அடர்ந்த காடு மிச்சம் இருக்கிற இடங்களில் கிளிக்கூடுகள் கிளைடரிடமிருந்து தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். காடு குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. மரம் வெட்டும் பிரச்னையும் கிளைடர் பிரச்னையும் தனித்தனி என்று நினைத்தவர்களுக்கு இது ஒரு பாடம்.

இப்படியே போனால் மூன்று தலைமுறைக்குள், அதாவது 16 ஆண்டுகளுக்குள், எண்ணிக்கை 94 சதவீதம் வரை குறையலாம் என்று 2015-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் விரைவுக்கிளியை 'அழிவின் விளிம்பில்' உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று ஆயிரத்துக்கும் குறைவான கிளிகளே உள்ளன; 750 இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பெரிய மேல்நிலைப் பள்ளி ஒன்றின் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைவிட அதிகம் பேர் நிற்பார்கள்!

தானே மூடும் கதவு

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. மக்களிடம் நன்கொடை திரட்டி, 2016-இல் புரூனி தீவின் மரங்களில் நூற்றுக்கணக்கான மரப்பெட்டிக் கூடுகளை மாட்டினார்கள். எந்தப் பக்கம் பூ வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து, கிளிகள் வந்து சேருவதற்குள் மாட்டி முடிக்க வேண்டும். அந்த ஆண்டு கிளிகள் வந்தன, பெட்டிகளில் முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன.

கிளைடர் உள்ள இடங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கூட்டின் வாசலில் ஒரு குட்டிக் கதவு. வெளிச்சத்தை உணரும் கருவி ஒன்று அதில் உண்டு. இருட்டியதும் மோட்டார் ஓடி, கதவு தானே மூடிக் கொள்ளும். தாயும் குஞ்சும் உள்ளே பத்திரம். விடிந்ததும் தானே திறக்கும்; கிளி சாப்பிடப் போகலாம். பகலில் கிளைடர் தூங்கும், இரவில் கதவு பூட்டியிருக்கும். எப்படி இருக்கிறது யோசனை?

பெட்டி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அந்த விஞ்ஞானிகளே சொல்லவில்லை. பூ இல்லாத ஆண்டில் பெட்டிகள் காலியாகக் கிடக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்து பெருகிவிட்ட ஸ்டார்லிங் பறவைகள் போன்றவை உள்ளே புகுந்து இடம் பிடித்துக் கொள்ளும். எத்தனை ஆயிரம் பெட்டிகளை எத்தனை காடுகளில் மாட்ட முடியும்? எத்தனை கதவுகளுக்கு பேட்டரி மாற்ற முடியும்? வயதான மரம் சம்பளம் வாங்காமல், பேட்டரி கேட்காமல் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்கிறது.

சாதாரண மக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விரைவுக்கிளி வேகமாகப் பறப்பதால் கண்ணாடி ஜன்னலில் மோதி இறந்துவிடுவதுண்டு. டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் தோட்டங்களிலும் தெருவோரங்களிலும்கூட புளூ கம் மரங்கள் உண்டு. அவை பூத்தால் கிளிகள் ஊருக்குள்ளேயே வந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே கயிறுகளையோ பட்டைத் துணிகளையோ தொங்க விட்டால் கிளி விலகிப் பறக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பெருநிலத்தில் கிளிக் கணக்கெடுப்பு நடக்கிறது. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் பைனாகுலரோடு காடுகளுக்குப் போகிறார்கள். எத்தனை கிளிகள், எந்த மரத்தில், மரம் பூத்திருந்ததா, இல்லையா என்று குறித்து அனுப்புகிறார்கள். பலருக்கு ஒரு கிளிகூடக் கண்ணில் படாது. "ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள். அந்தத் தாளையும் தூக்கிப் போடுவதில்லை. எந்த ஆண்டு எந்தக் காட்டில் பூ இல்லை, எங்கே இருந்தது என்று அதை வைத்துத்தானே சொல்ல முடியும்?

வசந்தம் பிறந்ததும் டாஸ்மேனியாவில் அடுத்த சுற்று ஆரம்பமாகும். ஆராய்ச்சியாளர்கள் கடலோரக் காடுகளில் இடம் இடமாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். கிளியின் குரல் கேட்டால் குறித்துக் கொள்வார்கள். கேட்காவிட்டால் அடுத்த இடம். அந்த ஆண்டு கிளிகள் எந்தப் பக்கம் கூடு வைத்திருக்கின்றன என்பது அப்படி நடந்து நடந்துதான் தெரிய வருகிறது.